வேக்காட்டின் நுட்பம்

சுண்ணாம்பு தனித்து நின்றால் காற்றுப் பட்டு மெல்ல இறுகுமேயன்றி நீருக்குள் இறுகாது என்பதையும், தீயில் வெந்த மண்ணோ எரிமலைச் சாம்பலோ அதனோடு சேர்ந்தால் வெள்ளத்தின் நடுவிலும் அது கல்லாகிவிடும் என்பதையும், இரசாயன சாஸ்திரம் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே கொத்தர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். நேப்பிள்ஸ் நகரை அடுத்த பொத்சுவோலிப் பிரதேசத்துச் சாம்பல் மண்ணைக் கொண்டு ரோமானியர் கடலுக்குள்ளேயே துறைமுகச் சுவர்களை எழுப்பினர். நம் தேசத்தில் அந்த ஸ்தானத்தை வகித்தது சுர்க்கி எனப்படும் செங்கல் தூள். பொறியாளர் பென்னிகுயிக்கின் பொறுப்பில் எழுந்து 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் உட்பகுதியை நிரப்பியது சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கான்கிரீட்டேயன்றி சிமெண்டு அன்று. ஆயினும் எல்லாச் செங்கல்லும் சுர்க்கிக்கு ஆகாது. வேகாத கல்லை இடித்தால் வெறும் மண்ணும், வெந்து உருகிக் கண்ணாடியான கல்லை இடித்தால் வெறும் மணலுமே மிஞ்சும்.

1824-இல் இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லண்டு சிமெண்டு நாளடைவில் எங்கும் பரவவே, சூளைக்காரரின் இந்த நுணுக்கமும் மறதிக்கு உள்ளாயிற்று. ஆனால் சிமெண்டும் நீரோடு கூடி இறுகுகையில் தன்னிடமிருந்து சிறிது சுண்ணாம்பை வெளியிடுகிறது. அந்தச் சுண்ணாம்பைப் பற்றிப் பிணைக்கவல்ல சிலிகா நம் களத்துமேட்டிலேயே குவிந்து கிடந்தது. நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சும் சிலிகாவை உமியில் சேர்த்துவைப்பதால், நூறு கிலோ நெல்லுக்குச் சுமார் இருபது கிலோ உமியும், அதை எரித்தால் நான்கு கிலோ சாம்பலும் கிடைக்க, அச்சாம்பலில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு சிலிகாவாகவே இருக்கிறது. புழுங்கல் அரிசி ஆலைகளில் நெல்லை அவிக்கும் கொதிகலனுக்கு அந்த உமியே எரிபொருள். கொல்லையில் கொட்டிய சாம்பலைக் கிளறினால் ஒரே குவியலில் கரி மிஞ்சிய கருமையும், நன்கு வெந்த சாம்பல் நிறமும், மிகையாய் வெந்த வெண்மையும் கலந்திருக்கக் காணலாம்.

1970-களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் குமார் மேத்தா இதன் மர்மத்தை விளக்கினார். ஏறக்குறைய 700 பாகை செல்சியஸுக்குள் பக்குவமாக எரித்த உமியின் சிலிகா படிக வடிவம் பெறாமல் சுண்ணாம்போடு எளிதில் கூடுகிறது. தீ மிஞ்சினால் படிகமாகிச் செயலற்றுப் போகிறது. கரி மிஞ்சிய சாம்பலோ, கலவையில் நீரை மிகுதியாக விழுங்குகிறது. நன்றாக அரைத்த நல்ல சாம்பலைச் சிமெண்டில் பத்தில் ஒரு பங்குக்கு மாற்றாகச் சேர்த்தால், நாட்பட்ட கான்கிரீட் நீர் புகாத நெருக்கம் பெறுகிறது. கான்கிரீட் பற்றிய இந்தியத் தர விதி 456-இன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பும், சாம்பலின் தரம் ஒரே சீராக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு இதை அனுமதிக்கிறது.

அந்த நிபந்தனையில்தான் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. சுர்க்கிக்காகச் செங்கல் சுட்டவன் செங்கல்லின் பதத்தைப் பார்த்துச் சுட்டான். ஆலைக்காரரோ நீராவிக்காக எரிக்கிறார், சாம்பலின் பதம் அவர் கவலையன்று. அந்தத் தீயைச் சாம்பலுக்காகவும் பேணுவதற்கு விலை கொடுப்பார் வரும்வரை, கான்கிரீட்டில் உமிச்சாம்பலுக்குக் கிடைக்கும் இடம் சிறிதாகவே இருக்கும்.