ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்ட ஒற்றை 'எஸ்'



ஐ கோ, யூ கோ, வீ கோ, தே கோ... இதுவரை பிரச்சினை இல்லை. 'ஹீ' வந்தால் மட்டும் 'கோஸ்' ஆகிவிடுகிறது! தேனி, போடி, கம்பம் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு பி.காம் சேர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலத் தாளில் அடிக்கடி சிவப்பு மை விழும் இடம் இது. ஏன் என்று கேட்டால் 'அது ரூல்' என்பார்கள். அந்த ரூலுக்குப் பின்னால் ஆயிரம் வருடக் கதை இருக்கிறது.

நம் தமிழில் விகுதியே ஆளைக் காட்டிவிடும். வருகிறேன் என்றால் நான், வருகிறாய் என்றால் நீ, வருகிறாள் என்றால் அவள். ஆங்கிலமும் ஒரு காலத்தில் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது. சுமார் 1000 வருடங்களுக்கு முன் தென் இங்கிலாந்தில் 'பாடு' என்ற வினைக்கு நான் 'சிங்கெ', நீ 'சிங்கெஸ்ட்', அவன் 'சிங்கெத்', அவர்கள் 'சிங்கத்'. காலப்போக்கில் கடைசி அசைகள் தேய்ந்து உதிர்ந்தன. 'அவன்' விகுதி மட்டும் தப்பியது.

சரி, 'எத்' எப்படி 'எஸ்' ஆனது? அது வடக்கு இங்கிலாந்துப் பேச்சு. லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி ஏட்டின் லத்தீன் வரிகளுக்கு நடுவே ஆல்ட்ரெட் என்ற குரு 10-ம் நூற்றாண்டில் எழுதிய உரையிலேயே இந்த 'எஸ்' இருக்கிறது. 14-ம் நூற்றாண்டின் இறுதியில் கவிஞர் சாசர் தன் கேன்டர்பரி கதைகளில், வடக்கிலிருந்து வந்து கேம்பிரிட்ஜில் படிக்கும் இரண்டு மாணவர்களை 'எஸ்' போட்டுப் பேசவைத்தார். ஊர்ப்பேச்சைக் காட்டத்தான்! அவர் வழக்கமாக எழுதியது 'எத்'.

200 வருடங்களில் நிலைமை மாறியது. 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் கருணை பற்றிய புகழ்பெற்ற வசனத்தில் ஷேக்ஸ்பியர் ஒரே வரியில் இரண்டு விகுதிகளையும் வைத்திருக்கிறார். 1611-ல் வந்த ஆங்கில பைபிள் பழைய 'எத்'தையே பிடித்துக்கொண்டது. ஆனால் 17-ம் நூற்றாண்டு முடிவதற்குள் வடக்கத்தி 'எஸ்' ஜெயித்துவிட்டது.

இன்னொரு சந்தேகமும் இதில் தீர்கிறது. 'ஹீ கேன்' என்கிறோம், 'கேன்ஸ்' ஏன் இல்லை? கேன், மே, ஷல் எல்லாம் வடிவத்தில் பழைய இறந்தகாலச் சொற்கள். இறந்தகாலத்தில் அவனுக்கு 'எத்' கிடையாது, அதனால் 'எஸ்'ஸும் வரவில்லை.

விகுதி உதிர்வதைப் பார்க்க இங்கிலாந்து வரை போகவேண்டாம். கம்பத்திலிருந்து கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் குமுளி. அங்கே மலையாளத்தில் நான் வந்தாலும் அவன் வந்தாலும் அவர்கள் வந்தாலும் 'வருன்னு' தான். பழைய மலையாளத்தில் விகுதிகள் இருந்தன, பிறகு போய்விட்டன. அதனால் மலையாளம் குறைந்துவிட்டதா என்ன?

இங்கிலாந்தின் நார்விச் பக்கத்து ஊர்ப்பேச்சில் இன்றும் 'ஹீ கோ' என்பவர்கள் உண்டு. அங்கே அது வட்டார வழக்கு, இங்கே அது தப்பு! பரீட்சையிலும் இன்டர்வியூவிலும் 'எஸ்' போட்டே ஆகவேண்டும், அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஒரு 'எஸ்' விட்டுப்போகுமோ என்று பயந்து வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்குச் சொல்கிறேன்: அந்த எழுத்தும் ஒரு காலத்தில் லண்டன்காரர்களுக்குப் பட்டிக்காட்டுப் பேச்சுதான். தைரியமாகப் பேசுங்கள், 'எஸ்' பழகப் பழக வந்துவிடும்.