பிரசவத்தின்போது மூளை பாதித்த பச்சிளங்குழந்தைக்குக் குளிர்விப்புச் சிகிச்சை: யாருக்கு, எப்போது, எங்கே?

பிரசவத்தின்போது போதிய ஆக்சிஜன் கிடைக்காமல் மூளை பாதிக்கப்பட்ட பச்சிளங்குழந்தையின் உடலை மூன்று நாள்களுக்குக் குளிர்நிலையில் வைத்திருக்கும் சிகிச்சை, வளர்ந்த நாடுகளில் வழக்கமான மருத்துவ முறையாக உள்ளது. ஆனால், இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் நடைபெற்ற பெரிய ஆய்வொன்றில் இச்சிகிச்சை பெற்ற குழந்தைகளிடையே உயிரிழப்பு அதிகமாக இருந்தது. இதனால், எந்தக் குழந்தைக்கு, எத்தகைய மருத்துவமனையில் இதை அளிக்கலாம் என்பது தெற்காசியாவில் முக்கியக் கேள்வியாகியுள்ளது.

பாதிப்பு ஏற்படுவது எப்படி?

நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிதல், தொப்புள்கொடி அழுத்தப்படுதல், கருப்பை கிழிதல், பிரசவம் நீண்டு தடைபடுதல் போன்றவற்றால் சிசுவுக்குச் செல்லும் ரத்தமும் ஆக்சிஜனும் குறையக்கூடும். பிறந்ததும் அழாமை, உடல் துவண்டிருத்தல், பால் குடிக்க இயலாமை, வலிப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். உயிர் பிழைக்கும் குழந்தைகளில் சிலருக்குப் பெருமூளை வாதம், வலிப்பு நோய், பார்வை அல்லது செவித்திறன் குறைபாடு ஏற்படலாம்.

மூளைச் செல்கள் அனைத்தும் உடனே அழிவதில்லை. முதல் பாதிப்புக்குப் பின் செல்கள் ஓரளவு மீள்கின்றன. சில மணி நேரம் கழித்து இரண்டாம் கட்டச் சிதைவு தொடங்குகிறது. இந்த இடைவெளியில் உடலைக் குளிர்வித்தால், மூளையின் ஆற்றல் தேவை குறைந்து, இரண்டாம் கட்டச் சிதைவு தணியும் என்பதே சிகிச்சையின் அடிப்படை.

சிகிச்சை முறை

குறைந்தது 36 வாரங்கள் கருவில் வளர்ந்து, மிதமான அல்லது கடுமையான மூளை பாதிப்பு அறிகுறிகள் உள்ள குழந்தைகளுக்கே இது பரிசீலிக்கப்படுகிறது. பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, உடல் வெப்பநிலை சுமார் 33.5 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம் வைக்கப்படுகிறது. பின்னர் மணிக்கு அதிகபட்சம் 0.5 டிகிரி என்ற அளவில் மெதுவாக உயர்த்தப்படுகிறது. இக்காலம் முழுவதும் சுவாசம், ரத்த அழுத்தம், ரத்தம் உறையும் தன்மை, சர்க்கரை அளவு, வலிப்பு ஆகியவை கண்காணிக்கப்பட வேண்டும்.

ஆறு மணி நேரக் கெடுவில் பயண நேரமும் அடங்கும். கொச்சியின் மட்டாஞ்சேரியில் பிறந்த குழந்தையை எர்ணாகுளம் பக்கத்திலுள்ள பெரிய மருத்துவமனைக்கு மாற்ற நேர்ந்தால், காயலைக் கடக்கும் பாலங்களையும் நகர நெரிசலையும் தாண்டியாக வேண்டும். எனவே, அறிகுறிகளை விரைவில் கண்டறிந்து, மாற்றும் முடிவைத் தாமதமின்றி எடுப்பது அவசியமாகிறது.

முரண்பட்ட ஆய்வு முடிவுகள்

2013-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 11 ஆய்வுகளில் இடம்பெற்ற 1,505 குழந்தைகளின் தரவுகளை ஆராய்ந்து, குளிர்விப்பு உயிரிழப்பையும் கடும் வளர்ச்சிக் குறைபாட்டையும் குறைப்பதாக முடிவு கூறியது.

லண்டன் இம்பீரியல் கல்லூரிப் பேராசிரியர் சுதின் தய்யில் தலைமையிலான ‘ஹெலிக்ஸ்’ ஆய்வு, 2015 முதல் 2019 வரை மூன்று தெற்காசிய நாடுகளின் 7 உயர்நிலை மையங்களில் 408 குழந்தைகளைச் சேர்த்தது. சென்னையும் இதில் இடம்பெற்றிருந்தது. 2021-ல் வெளியான முடிவின்படி, குளிர்விக்கப்பட்டவர்களில் 42 சதவீதத்தினரும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 31 சதவீதத்தினரும் உயிரிழந்தனர். உயிரிழப்பு அல்லது மிதமான, கடுமையான குறைபாடு என்ற கூட்டு அளவீட்டில் இரு பிரிவுகளும் முறையே 50, 47 சதவீதமாக இருந்தன. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் இச்சிகிச்சையை அளிக்கக்கூடாது என ஆய்வுக் குழு பரிந்துரைத்தது.

மறுபுறம், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 50 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ‘தின்’ ஆய்வில், குளிர்விக்கப்பட்டவர்களின் மூளை ஸ்கேன்களில் பாதிப்பின் அடையாளங்கள் குறைவாகக் காணப்பட்டன. உருகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும் பொருள் கொண்ட எளிய படுக்கை இதில் பயன்படுத்தப்பட்டது. இத்தொழில்நுட்பத்தில் உருவான ‘மிராக்ரேடில்’ என்ற இந்தியச் சாதனம் தொடர் மின்சாரமின்றி இயங்கக்கூடியது.

தற்போதைய நிலைப்பாடு

புத்துயிர்ப்பு சிகிச்சைக்கான சர்வதேசக் கூட்டமைப்பான இல்கோர், போதிய ஆதரவு சிகிச்சை வசதியுள்ள இடங்களில் மட்டும் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளிலும் குளிர்விப்பைப் பயன்படுத்தலாம் என 2023-ல் கூறியது. எனினும், இது வலுவற்ற பரிந்துரையாகவும், இதற்கான சான்றின் உறுதி குறைவு என்றும் குறிப்பிடப்பட்டது.

இந்தியாவுக்குள்ளும் நிலைமை ஒரே மாதிரியாக இல்லை. ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, பிறந்து 28 நாள்களுக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு நாட்டளவில் 24.9, கேரளத்தில் 3.4.

பெற்றோர் அறிய வேண்டியவை

வீட்டிலோ வாகனத்திலோ பனிக்கட்டி, ஈரத்துணி கொண்டு குழந்தையைக் குளிர்விக்கக் கூடாது. கட்டுப்பாடற்ற குளிர்ச்சி உயிருக்கு ஆபத்தானது. அதிக வெப்பமும் பாதிக்கப்பட்ட மூளைக்குத் தீங்கானது. சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டால், செயற்கை சுவாசம், இடைவிடாத வெப்பநிலைக் கண்காணிப்பு, 24 மணி நேரப் பயிற்சி பெற்ற செவிலியர் வசதிகள் உள்ளனவா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

குளிர்விக்கப்பட்டாலும் இல்லாவிட்டாலும், இக்குழந்தைகளின் வளர்ச்சியைக் குறைந்தது இரண்டு வயது வரை தொடர்ந்து பரிசோதிப்பது அவசியம். குறைபாட்டை முன்கூட்டியே கண்டறிந்தால் இயன்முறைப் பயிற்சிகளையும் விரைவில் தொடங்க முடியும்.