பதினாறு முடிஞ்சுதா, நடக்குதா?

நம்ம ஊர்ல பெரியவங்ககிட்ட வயசு கேட்டா, "அறுபது முடிஞ்சு அறுபத்தொண்ணு நடக்குது"ன்னு சொல்வாங்க. சிலர் நடப்பு வயசை மட்டும் சொல்லிட்டுப் போயிடுவாங்க. இந்தச் சாதாரண வழக்கம் 1869ல் ஒரு பெரிய வேலைக்கே உலை வைத்தது.

அப்போது ஐ.சி.எஸ். தேர்வு லண்டனில் மட்டும்தான். கப்பலேறிப் போய், ஆங்கிலேயப் பையன்களோடு போட்டி போட வேண்டும். 1869க்கு முன் அதில் தேறிய இந்தியர் சத்யேந்திரநாத் தாகூர் ஒருவரே. அந்த வருஷமோ நான்கு பேர் தேறினார்கள்: சுரேந்திரநாத் பானர்ஜி, ரொமேஷ் சந்திர தத், பிஹாரிலால் குப்தா, ஸ்ரீபாத் பாபாஜி தாக்கூர்.

சந்தோஷம் நீடிக்கவில்லை. வயது வரம்பு 21ஐத் தாண்டிவிட்டார்கள் என்று சுரேந்திரநாத், ஸ்ரீபாத் இருவரின் பெயரையும் தேர்வாணையர்கள் நீக்கினார்கள்.

சுரேந்திரநாத் பிறந்தது 1848 நவம்பர் 10. 1863 டிசம்பரில் கல்கத்தாவில் மெட்ரிகுலேஷன் எழுதும்போது வயது 16 என்று பதிவாகியிருந்தது. 15 முடிந்து 16 நடக்கிறது; நம் கணக்கில் சரிதான். ஆணையர்கள் அதை 16 முடிந்ததாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு வயது கூடிவிட்டது. எங்கள் ஊர் வழக்கம் இது என்று விளக்கியும் அவர்கள் ஏற்கவில்லை.

சுரேந்திரநாத் சும்மா விடவில்லை. லண்டன் குவீன்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்துக்குப் போனார். இருவருக்கும் இடம் திரும்பக் கிடைத்தது. ஆனால் அவர் இங்கிலாந்தில் இருந்தபோதே, 1870ல், ஊரில் அப்பா இறந்துபோனார்.

1871ல் சில்ஹெட்டில் உதவி மாஜிஸ்திரேட் ஆனார். 1874ல், ஒரு வழக்குப் பதிவேட்டில் தவறான குறிப்பு எழுதியதாகச் சொல்லி வேலையைவிட்டே நீக்கினார்கள். பிறகு அதே தேர்வின் வயது வரம்பை 21லிருந்து 19ஆக அரசு குறைத்தபோது, அதை எதிர்த்து ஊர் ஊராகப் போய்ப் பேசியவர் இவர்தான். பின்னாளில் இரண்டு முறை காங்கிரஸ் தலைவரானார்.

விதி எல்லோருக்கும் ஒன்றுதான், 21 வயது. ஆனா அதை யார் கணக்குப்படி எண்ணுவது? அந்த அதிகாரம் வேலை கொடுப்பவன் கையில் இருந்தது. வழக்குப் போட சுரேந்திரநாத்துக்கு வசதியும் துணிச்சலும் இருந்தன. அது இல்லாதவர் பேசாமல் கப்பலேறித் திரும்பியிருப்பார், நமக்குப் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

இன்றைக்கு அரசு வேலை அறிவிப்பில் "வயது பூர்த்தியடைந்திருக்க வேண்டும்" என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும். அந்தப் 'பூர்த்தி' ஒரு வார்த்தைக்கு எவ்வளவு விலை!