கொறங்காடும் காங்கயம் காளையும்

பின்னலாடைத் தொழிலால் திருப்பூர் உலகறிந்த ஊராயிற்று. ஆயினும் இங்கே பனியன் கம்பெனிகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, கிழக்கே காங்கயம் வட்டாரம் தன் மாடுகளால் பெயர் பெற்றிருந்தது. 2009-இல் திருப்பூர் தனி மாவட்டமானபோது காங்கயமும் அதனுள் அடங்கியது.

காங்கயம் இனத்தைப் பேணி வளர்த்தவர்களில் முதலில் நினைக்கத்தக்கவர்கள் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார். குறிப்பாக, நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் நல்ல காளைகளைத் தெரிந்தெடுத்து இனத்தைத் தூய்மையாகக் காத்தார். உலக உணவு வேளாண்மை நிறுவனம் இந்திய, பாகிஸ்தான் மாட்டினங்களைப் பற்றி 1953-இல் வெளியிட்ட நூலில் காங்கயம் இனமும் இடம்பெற்றது. பிறக்கையில் செவலையாக இருக்கும் கன்று, சில மாதங்களில் நிறம் மாறி மயிலையாவது இவ்வினத்தின் சிறப்பு.

மழை குறைந்த இந்தச் சீமையில் இத்தனை மாடுகள் பிழைத்தது எவ்வாறு? கொறங்காடுகளால்தான். சுற்றிலும் முட்கிளுவை உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரங்கள். வறட்சியில் காய்ந்த புல், ஒரு மழைக்கே துளிர்த்துவிடும். கோடையில் மரம் நிழலும் தரும், ஆடுமாடுகள் தின்னக் காயும் தரும். ஒரு காட்டில் மேய்த்தபின் அடுத்ததற்கு ஓட்டிச் சென்று, முன்னதன் புல்லைத் தழைக்க விடுவர். சாணமும் புழுக்கையும் நிலத்துக்கே உரமாயின. சோளமும் கொள்ளும் மானாவாரியாக விளைந்தன.

கொறங்காடு பொது மேய்ச்சல் புறம்போக்கு அன்று. குடும்பத்தின் பட்டா நிலம் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. பாட்டன் நட்ட வேலியைப் பேரன் காத்ததால்தான் புல் நிலைத்தது. அதன் ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. கவலை இறைத்த காளைக்குப் பதில் பம்புசெட்டும், ஏர் இழுத்த காளைக்குப் பதில் டிராக்டரும் வந்தன. பால் மிகுதிக்காகக் கலப்பினப் பசுக்கள் வந்தன. பிள்ளைகள் கம்பெனி வேலைக்குச் சென்றனர். பாகம் பிரிந்த காடு மனையாயிற்று.

குட்டப்பாளையத்திலுள்ள சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி மையம் இனத்தைக் காக்க உழைத்து வருகிறது. 2017-இல் ஜல்லிக்கட்டுக்காக மக்கள் திரண்டபோது, நாட்டுமாடுகளைப் பற்றிய பேச்சு நகரங்களிலும் எழுந்தது. எனினும் மேய்ச்சல் நிலமின்றி மாட்டை மட்டும் காப்பது அரிது. கிராமத்தில் இன்னும் காடு வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. நிலத்தைப் பங்கிட அமரும் நாளில், கிளுவை வேலி வளர்ந்து அடர எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.