கொழும்புத்துறைக் கரையில் முடிக்கப்படாத ஏரி

சுவிற்சர்லாந்தில் வாழும் நம்மவர் பலருக்குக் கிராந்த் டிக்ஸான்ஸ் என்ற பெயர் புதிதன்று. வலே மாநிலத்தில், அல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,360 மீற்றர் உயரத்தில் அமைந்த நீர்த்தேக்கம் அது. அதன் அணை 285 மீற்றர் உயரமானது. நிறைந்திருக்கும்போது 40 கோடி கன மீற்றர் நீரைத் தாங்குகிறது. கோடை விடுமுறை வந்தால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அணையின் முகட்டுக்கு ஏறி, ஏரிக்கரைப் பாதையில் மணிக்கணக்கில் நடந்து திரும்புவது அந்நாட்டு மக்களின் வழக்கம். புலம்பெயர்ந்த நம்மவரும் அந்த வழக்கத்துக்குப் பழகிவிட்டார்கள்.

அந்த ஏரி இயற்கை தந்ததன்று. 1950களின் தொடக்கத்தில் வேலை தொடங்கி 1961இல் அணை எழுந்து முடிந்தது. சுற்றுப்புறத்து 35 பனியாறுகளின் நீரை அங்கே கொண்டுவந்து சேர்ப்பதற்காகப் பாறையைக் குடைந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர் நீளத்துக்குச் சுரங்க வழிகள் அமைத்தார்கள். இந்த 100 கிலோமீற்றர் என்ற கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஏனென்றால், அதே ஐம்பதுகளில் யாழ்ப்பாணத்திலும் ஓர் ஏரியை உண்டாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதன் ஒரு கதவு கொழும்புத்துறைக்குப் பக்கத்தில், அரியாலையில் இருக்கிறது.

கொழும்புத்துறை யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கு விளிம்பிலுள்ள பழைய துறை. எதிரே பூநகரிக் கரை. ஒரு காலத்தில் தோணிகளும் வள்ளங்களும் பயணிகளையும் நெல்லையும் ஏற்றி இறக்கிய இடம். இன்று உலகத் தமிழர் இவ்வூரின் பெயரை அறிந்திருப்பது பெரும்பாலும் யோகர் சுவாமிகளால். 1872இல் பிறந்து 1964இல் மறைந்த சுவாமிகள், துறவு பூணுவதற்கு முன்னர் கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைத்தலத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். குடாநாடெங்கும் கால்நடையாகவே சுற்றியவர். தண்ணீர் வேலையையும் நடையையும் ஒருங்கே அறிந்த ஒருவர் வாழ்ந்த ஊரிலிருந்து இந்தக் கதையைத் தொடங்குவது பொருத்தமே.

துறைமுகத்திலிருந்து கரையோரமாகக் கிழக்கு நோக்கி ஐந்தாறு கிலோமீற்றர் நடந்தால், மணியந்தோட்டம், அரியாலை கடந்து நாவற்குழிப் பக்கம் வந்துவிடலாம். கண்டி வீதியும் புகையிரதப் பாதையும் நீரைக் கடக்கும் இடம் அது. வலிகாமத்தையும் தென்மராட்சியையும் பிரிக்கும் உப்பாறு யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் கலப்பது இங்கேதான். பெயர்தான் ஆறு, உண்மையில் அது நீண்டு ஒடுங்கிய களப்பு. வடக்கே போனால் கோப்பாய்-கைதடிப் பாலம், அதற்கும் வடக்கே வாதரவத்தைப் பகுதி. அங்கே தாழ்ந்த நிலம் வழியாக வடமராட்சிக் களப்போடு தொடர்பு உண்டாகிறது. வடமராட்சிக் களப்போ வல்லை வெளியைத் தாண்டி, செல்வச்சந்நிதிக் கோயிலருகே தொண்டைமானாற்றில் கடலைச் சேர்கிறது.

அல்ப்ஸ் மலையில் நீர்த்தேக்கம் அமைப்பது, மேலிருந்து வரும் நீர் கீழே ஓடிப்போகாமல் பள்ளத்தாக்கை மறிப்பது. யாழ்ப்பாணத்தில் மறிக்கப் பள்ளத்தாக்கு இல்லை. குடாநாட்டின் பெரும்பகுதி கடல் மட்டத்துக்கு மேல் பத்து மீற்றர்கூட இல்லை. ஆகவே இங்கே வேலை தலைகீழானது. களப்பின் வாயில் கதவு போட்டு, கடல் உள்ளே வராமல் தடுக்க வேண்டும். மாரி மழையில் களப்பு நிரம்பியதும் கதவைத் திறந்து உவரை வெளியே கழுவிவிட வேண்டும். மழை ஓயும் நேரத்தில் மூடி, கடைசி நீரைத் தேக்க வேண்டும். ஆண்டுதோறும் இப்படிச் செய்துவந்தால் களப்பு படிப்படியாக நன்னீராகும். சுற்றியுள்ள வயல்களின் உவரும் குறையும்.

இதற்கு ஏன் இத்தனை பாடு? யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்று உண்டு. மற்றபடி குடாநாட்டு வாழ்வு கிணற்றை நம்பியது. சுண்ணக்கல்லில் ஊறிய மழைநீர், அடியிலுள்ள உப்புநீரின்மேல் ஒரு வில்லையைப்போல மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியல் கணக்கு. கணக்கின் மறுபக்கமும் உண்டு. மேலே ஓர் அடியை இறைத்துத் தீர்த்தால், கீழிருந்து நாற்பது அடி உப்பு ஏறும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதற்குக் காரணம் இதுவே. களப்பு நன்னீரானால், அதன் கரையோரக் கிணறுகள் அத்தனையும் பிழைக்கும்.

இந்த எண்ணம் பழையது. 1869 முதல் 1896 வரை யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபராக இருந்த துவைனம் காலத்திலேயே களப்புகளை நன்னீராக்கும் யோசனை பேசப்பட்டது. பின்னர் சட்டசபை உறுப்பினர் கே. பாலசிங்கம் இதற்காக வாதாடினார். ஆனால் மூன்று களப்புகளையும் ஒரே திட்டத்தில் கோத்தவர் நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம். 1954இல் அவர் முன்வைத்த திட்டத்துக்கு 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்று பெயர்.

திட்டம் இதுதான். வன்னிப் பெருநிலத்தில் பிறந்து வடக்கே ஓடிவரும் கனகராயன் ஆறு, இரணைமடுக் குளத்தைக் கடந்து ஆனையிறவுக் களப்பில் விழுகிறது. அக்களப்புக்கு நீர் தரும் நிலப்பரப்பு ஏறத்தாழ 940 சதுர கிலோமீற்றர். மேற்கே ஆனையிறவிலும் கிழக்கே சுண்டிக்குளத்திலும் கடலை மறித்துவிட்டால், அந்த நீரெல்லாம் அங்கே தேங்கும். அங்கிருந்து முள்ளியானில் ஒரு வாய்க்கால் வெட்டி வடமராட்சிக் களப்புக்கு நீரைக் கொண்டுபோகலாம். வடமராட்சியிலிருந்து அது உப்பாற்றுக்கு வரும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவுகள் காவல் நிற்கும். வன்னியின் ஆறு கொழும்புத்துறைக்கு அருகே வந்து நிற்கும்.

தொண்டைமானாற்றுத் தடுப்பணை 1953 அளவிலும் அரியாலைத் தடுப்பணை 1955இலும் அமைந்தன. தொண்டைமானாறு, கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றிச் செல்வதற்காக வெட்டுவித்த வழி என்பது மரபுச் செய்தி. உப்பை வெளியே அனுப்பத் திறந்த வாயிலில், உப்பு உள்ளே வராமலிருக்கக் கதவு போட வேண்டிய காலம் வந்தது. 1960களில் ஆனையிறவிலும் சுண்டிக்குளத்திலும் வேலைகள் நடந்தன. முள்ளியான் வாய்க்காலும் வெட்டத் தொடங்கப்பட்டது. பின்னர் பணம் ஒதுக்கப்படவில்லை, வேலை நின்றது. சுண்டிக்குளம் அணைக்கட்டு வெள்ளத்தில் உடைந்தது. ஆனையிறவுக் களப்பு மீண்டும் உவரானது.

முள்ளியான் வாய்க்காலின் நீளம் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 4 கிலோமீற்றர். மலையைக் குடைய வேண்டியதில்லை. மண்ணை வெட்டினால் போதும். அல்ப்ஸில் 100 கிலோமீற்றர் பாறையைக் குடைந்து முடித்த அதே காலத்தில், நம் நாட்டில் 4 கிலோமீற்றர் மண் வாய்க்கால் முற்றுப்பெறவில்லை.

திட்டத்தை ஐயுறவோர் சொல்லும் காரணங்களையும் இங்கே பதிவு செய்வது நியாயம். களப்புகள் ஆழமற்றவை, சித்திரை, வைகாசி வெயிலில் பெருமளவு நீர் ஆவியாகிவிடும். சுண்ணக்கல் நீரைக் கசியவிடும். களப்பில் இறால் பிடித்து வாழும் குடும்பங்களுக்கு உவர்நீரே வாழ்வு. நன்னீரானால் அவர்கள் பிழைப்புக்கு என்ன வழி? 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு 2015இல் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்ட சுண்டிக்குளத்தின் நிலை என்ன? இவை அலட்சியப்படுத்தக்கூடிய கேள்விகள் அல்ல. கமக்காரனின் கிணற்றுக்கும் கடற்றொழிலாளியின் வலைக்கும் இடையே நியாயம் காணாத எந்தத் திட்டமும் ஊரில் நிலைக்காது.

ஆயினும், கடலை மறித்து நன்னீர் ஏரி காண்பது நடவாத காரியம் என்று எவரும் சொல்ல முடியாது. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர், தங்கள் சொந்த நாட்டில் 1932இல் 32 கிலோமீற்றர் நீள அணையால் ஒரு கடலையே அடைத்தார்கள். சில ஆண்டுகளில் அது நன்னீர் ஏரியானது. சிங்கப்பூரில் 2008இல் மரீனா தடுப்பணை திறக்கப்பட்டது. மழைநீரே உப்பைக் கழுவித் தள்ள, 2010இல் அது நன்னீர்த் தேக்கமாயிற்று. அத்தேக்கத்துக்கு நீர் தரும் பரப்பு ஏறத்தாழ 100 சதுர கிலோமீற்றர். நம் உப்பாற்றின் நீரேந்து பரப்பு அதைப்போல் இரு மடங்கு. சிங்கப்பூரில் மழை அதிகம், பணம் அதிகம் என்பது மெய்தான். அதைவிட முக்கியமாக, அங்கே கதவைத் திறக்கவும் மூடவும் ஒவ்வொரு நாளும் ஆள் இருக்கிறது.

களப்பைப் பொறுத்தவரை, அணை கட்டிய பொறியியலாளரைவிடக் கதவைக் காப்பவனே பெரியவன். ஒரு மாரியில் கதவு பழுதானாலும், ஒரு கோடையில் கடல்நீர் புகுந்தாலும், பத்தாண்டுக் கழுவல் வீணாகும். நம் கதவுகளைக் காக்க வேண்டிய காலத்தில் நாடு போருக்குள் விழுந்தது. ஆனையிறவு களப்பாக அன்றிப் படைமுகாமாகவே உலகுக்குத் தெரிந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, கொட்டும் மழையில், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தையும் கோப்பாய்-கைதடிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்கு நடந்தார்கள். நன்னீர் ஏரியாக வேண்டிய உப்பாற்றை ஒரு சமூகமே கால்நடையாகக் கடந்த இரவு அது. பாலத்துக்கு இப்பால் செம்மணி. 1999இல் அங்கே தோண்டியபோது 15 பேரின் எச்சங்கள் கிடைத்தன. 2025இல் சித்துப்பாத்தி மயானத்தில் மீண்டும் தோண்டியபோது இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. இந்தக் கரையில் நடப்பவர் எவரும் நீரை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்துவிட முடியாது.

போர் 2009இல் முடிந்தது; தண்ணீர்ப் பிரச்சினை முடியவில்லை. உரத்தின் நைத்திரேற்று நெடுங்காலமாகவே கிணறுகளில் இறங்கியிருக்கிறது. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி குடாநாட்டையே கலங்க வைத்தது. இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுவர ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியுதவியுடன் 2010இல் உருவான திட்டத்தை, தங்கள் வயலுக்கே நீர் போதாது என்று கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இறுதியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தாளையடியில் அமைந்தது. 2024இல் திறக்கப்பட்ட அந்நிலையம் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரவல்லது. குடிக்க அது உதவும். தோட்டத்துக்கு உதவாது, கிணற்றில் ஏறும் உப்பையும் தடுக்காது, மின்சாரக் கட்டணம் உள்ளவரை செலவும் ஓயாது.

இதற்கிடையில் 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சியே வெள்ளத்தில் மிதந்தது. அந்த வெள்ளம் ஆனையிறவுக் களப்பில் இறங்கிக் கடலுக்குப் போனது. ஒரு சொட்டு நீருக்காக யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் ஒன்றையொன்று ஐயத்துடன் பார்த்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், இருவருக்கும் உதவாமல் போன நீர் அது. ஆறுமுகம் கேட்டது குளத்து நீரையன்று. குளத்தைத் தாண்டி வீணே கடலுக்குப் போகும் இந்த நீரைத்தான். இரணைமடு விவசாயியின் பங்கில் கைவைக்காத திட்டம் அது என்பதை இன்றைய விவாதங்களில் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே இனிச் செய்ய வேண்டியவை வெகு சில. கடற்றொழிலாளரும் கமக்காரரும் கலந்து ஒப்பும் ஒரு நீர்க் கணக்கு வேண்டும். சுண்டிக்குளத்தில் உறுதியான அணைக்கட்டு வேண்டும். அரியாலையிலும் தொண்டைமானாற்றிலும் பருவம் அறிந்து கதவைத் திறந்து மூடும் நிரந்தரப் பொறுப்பாளர்கள் வேண்டும். அப்புறம் அந்த முள்ளியான் வாய்க்கால். ஒரு மனிதன் ஒரு மணி நேரத்தில் நடந்து முடிக்கும் தூரம் அது. எழுபது ஆண்டுகளாகியும் தண்ணீர் நடந்து வர இன்னும் வழி திறக்கப்படவில்லை.