கொடும்பாளூர்: பெருவழியில் ஒரு சிற்றூர்

திருச்சியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நாம், விராலிமலையைக் கடந்ததும் வரும் கொடும்பாளூரைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இளங்கோவடிகள் கவனித்திருக்கிறார். கோவலனும் கண்ணகியும் செல்லவேண்டிய மதுரை வழி, கொடும்பையின் குளத்தைக் கடந்தபின் மூன்றாகப் பிரிவதாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது.

சோழநாட்டுக்கும் பாண்டியநாட்டுக்கும் இடைப்பட்ட இக்கிடப்பே இவ்வூரின் வரலாற்றை வகுத்தது. இங்கிருந்து ஆண்ட இருக்குவேளிர் சோழரிடம் பெண் கொண்டனர், கொடுத்தனர். அவர்களுக்காகப் போரும் செய்தனர். அடியவருக்குத் தம் நெற்பண்டாரத்தையே திறந்துவிட்ட இடங்கழி நாயனாரும் இவ்வூரினரே.

பூதி விக்கிரமகேசரி தன் பெயரில் ஒன்றும், தேவியர் கற்றளி, வரகுணை பெயர்களில் இரண்டுமாக எடுப்பித்ததே மூவர் கோயில். இன்று நிற்பவை இரண்டு. மூன்றாவதன் அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது. அவன் குலவரிசையைச் சொல்லும் வடமொழிக் கல்வெட்டு நடுக்கோயிற் சுவரில் உள்ளது. அதில் ஆண்டு இல்லை. ஆகவே அவன் காலம் 9ஆம் நூற்றாண்டா, 10ஆம் நூற்றாண்டா என்று அறிஞர்கள் நெடிது வாதிட்டனர்.

ஒரு குலத்தின் நினைவு ஒற்றைச் சுவரை நம்பி நிற்கிறது. அக்கல்வெட்டு இடிந்த கோயிலில் பொறிக்கப்பட்டிருந்தால், அவன் தந்தை சமராபிராமனை நாம் அறிந்திருப்போமா? சுவர்களைக் காப்பதும் வரலாறு எழுதுவதே.