தொட்டியை நகர்த்தலாம்

19ஆம் நூற்றாண்டின் ஸ்காட்லாந்துக் கோல்ஃப் விதிகளில் ஒன்று துணிகளைப் பற்றியது. பந்து துணிமேல் விழுந்து கிடந்தால், பந்துக்கடியிலிருந்து துணியை உருவிக்கொள்ளலாம். துவைக்கும் தொட்டிக்கு ஒரு மட்டை நீளத்துக்குள் விழுந்திருந்தால், தொட்டியை நகர்த்திவிட்டு ஆடலாம். துணி யாருடையது, தொட்டி யாருடையது என்ற பேச்சே அதில் இல்லை. இருந்தும், அந்த மைதானத்தில் பெண்கள் இருந்தார்கள் என்பதற்கு ஆண்கள் தங்களை அறியாமல் விட்டுச்சென்ற சாட்சியம் என்றே நான் இதை வாசிக்கிறேன்.

கோல்ஃபின் தாயகம் என்று கொண்டாடப்படும் செயின்ட் ஆண்ட்ரூஸின் ஓல்டு கோர்ஸ் தனியார் சொத்து அல்ல. கடலுக்கும் உழுநிலத்துக்கும் நடுவே கிடக்கும் மணற்புல்வெளி அது. உழவுக்கு உதவாத இத்தகைய நிலத்தை அங்கே ‘லிங்க்ஸ்’ என்பார்கள். நம் ஊர்க் கணக்கில் புறம்போக்கு என்று எழுதியிருப்பார்கள். 1552இல் பேராயர் ஜான் ஹாமில்டன் அங்கே முயல் வளர்க்க உரிமை பெற்றபோது, கோல்ஃபும் பந்தும் ஆட, மாடு மேய்க்க, புல்தரை வெட்ட ஊராருக்கு இருந்த உரிமையும் அதே ஆவணத்தில் உறுதிசெய்யப்பட்டது. நடுவில் கடனில் மூழ்கிய நகரம் நிலத்தை விற்றது. முயல் வணிகர்களோடு ஆண்டுக்கணக்கில் வழக்காடியது. 1894இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே திரும்பப் பெற்றது. அன்றும் இன்றும் அது பொதுநிலம்.

இந்த மைதானத்தை வடிவமைத்தவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. காற்றும் ஆடுகளும் முயல்களும் ஆடியவர்களின் கால்களும் சேர்ந்து உண்டாக்கியது அது. போகும்போதும் திரும்பும்போதும் ஒரே குழிகளில் ஆடினார்கள். கூட்டம் பெருகவே தடத்தை அகலப்படுத்தி, ஒரே கிரீனில் இரண்டு குழிகள் வெட்டினார்கள். இன்றும் ஏழு கிரீன்கள் இரட்டைக் கிரீன்கள்தான். இரண்டாவது குழி பதினாறாவதோடும், ஐந்தாவது பதின்மூன்றாவதோடும் தரையைப் பகிர்கின்றன. எந்த இணையைக் கூட்டினாலும் பதினெட்டு வரும். மணற்குழிகள் 112. அடிக்கும் இடத்தில் நின்று பார்த்தால் அவற்றில் பல கண்ணுக்கே தெரியாது. பார்வைக்கு வெறும் பரந்த வெளி. அதை நம்பி நடுவில் அடித்தவர்தான் மணலுக்குள் நிற்பார். நிலத்தைப் படித்துப் பழகியவர்கள் மட்டுமே அதில் தேறுவார்கள்.

ஊர் வேறு, மைதானம் வேறு என்று அங்கே பிரிக்க முடியாது. முதல் ஃபேர்வேயையும் பதினெட்டாவதையும் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு பொதுப்பாதை கடற்கரைக்குப் போகிறது. அதன் பெயர் ‘கிரானி கிளார்க் விண்ட்’, அதாவது கிளார்க் பாட்டி சந்து. பதினேழாவது குழியின் ஓரம் ஓடும் சாலையும் ஆட்டத்தின் பகுதியே. பந்து சாலையில் விழுந்தால் கிடந்த இடத்திலிருந்தே அடிக்க வேண்டும், சலுகை கிடையாது. சாலைக்கு ஆட்டம் வளைந்து கொடுக்கிறது. துணி துவைப்பவளின் தொட்டிதான் நகர வேண்டியிருந்தது.

முதல் ஃபேர்வேயின் முடிவில் ஓடும் ஸ்வில்கன் ஓடையில் ஊர்ப்பெண்கள் துணி துவைத்தார்கள். பக்கத்துப் புதர்களிலும் புல்லிலும் உலர்த்தினார்கள். அதே ஓடைக்கு அருகில்தான், 1867இல், வேறொரு வகைப் பெண்கள் மைதானத்துக்கு வந்தார்கள். உலகின் முதல் பெண்கள் கோல்ஃப் சங்கங்களில் ஒன்று அந்த ஆண்டு அங்கே தொடங்கப்பட்டது. அவர்களுக்காகக் கரடுமுரடான ஒரு துண்டு நிலத்தில் ஓல்டு டாம் மோரிஸ் சிறு ஆடுகளம் ஒன்றை அமைத்தார். குட்டிக் குன்றுகள் எழுந்தும் தாழ்ந்தும் கிடந்ததால் அதற்கு இமாலயம் என்ற பெயர் நிலைத்தது. பந்தை உருட்டலாம், ஓங்கி அடிக்கும் ஆட்டம் அங்கே கிடையாது.

ஏன் கிடையாது என்பதற்கான பதிலை 1890இல் வெளிவந்த பேட்மின்டன் நூலகத் தொகுதியில் லார்ட் வெல்வுட் கூச்சமின்றி எழுதினார். பெண்கள் எழுபது எண்பது கஜத்துக்கு மேல் அடிக்க வேண்டாம் என்பது அவர் யோசனை. அவர்களுக்கு வலு இல்லை என்று அவர் சொல்லவில்லை. அதற்கு மேல் அடிக்க மட்டையைத் தோளுக்கு மேலே தூக்க வேண்டும், அது பெண்ணின் உடைக்கும் ஒழுங்குக்கும் பொருந்தாது என்பதே அவர் கவலை. ஓடையில் ஈரத்துணியைத் தோளுக்கு மேல் தூக்கிய கைகளைப் பார்த்து யாரும் இப்படிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அந்தக் கைகள் உழைக்கும் கைகள். அவற்றுக்கு அடக்கம் தேவைப்படவில்லை. 1811 புத்தாண்டை ஒட்டி மஸல்பரோ ஊரின் கோல்ஃப் சங்கம் மீன்காரப் பெண்களுக்குப் போட்டி அறிவித்துப் பரிசாக மீன்கூடையும் சால்வையும் பட்டுக் கைக்குட்டைகளும் வைத்தது. விளையாடத் தெரிந்தவள் என்று ஒப்புக்கொண்ட அதே மூச்சில், ஜெயித்தவள் கையில் திரும்பவும் கூடையைக் கொடுத்தார்கள்! அந்தப் பரிசைப் பெருமையாக எழுதும் கோல்ஃப் வரலாறுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

தோளுக்கு மேல் மட்டை உயர அதிக காலம் ஆகவில்லை. 1908இல் பிரிட்டிஷ் பெண்கள் சாம்பியன்ஷிப் ஓல்டு கோர்ஸில் நடந்தது. 1929இல் அதன் இறுதி ஆட்டம் ஜாய்ஸ் வெதர்டுக்கும் அமெரிக்காவின் க்ளென்னா காலட்டுக்கும். 36 குழிகள். முதல் பதினொன்றில் காலட் ஐந்து முன்னிலை. வெதர்ட் ஒவ்வொன்றாக மீட்டுவந்து, மாலையில் அந்தச் சாலையோரப் பதினேழாவது குழியில் ஆட்டத்தை முடித்தார். அவர் அன்று கற்ற பாடம் எதுவும் புதிதல்ல: காற்றை மதித்தார், கண்ணுக்குத் தெரியாத குழிகளை நினைவில் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

முதல் குழிக்குப் பின்னாலேயே ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் சங்கத்தின் கல்கட்டடம் நிற்கிறது. நிலம் ஊருடையது, கட்டடம் சங்கத்துடையது. தரை பெண்ணை அனுமதித்தது, கதவு அனுமதிக்கவில்லை. 2007இல் பெண்கள் பிரிட்டிஷ் ஓபன் முதன்முறையாக ஓல்டு கோர்ஸுக்கு வந்து, லொரேனா ஓச்சோவா வென்றபோது, அந்த வாரத்துக்கு மட்டும் ஆட்டக்காரர்களுக்குக் கதவு திறந்தது. பெண்களை உறுப்பினராக்க சங்கம் வாக்களித்தது 2014 செப்டம்பர் 18இல், ஸ்காட்லாந்து தன் விடுதலைக்கு வாக்களித்த அதே நாளில். நாடு வேண்டாம் என்றது. சங்கம் சரி என்றது. சங்கம் தொடங்கி அப்போது 260 ஆண்டுகள்.

ஓல்டு கோர்ஸில் ஆட இன்று குலுக்கலில் பெயர் விழ வேண்டும். கோடையில் கட்டணம் 300 பவுண்டைத் தாண்டும். பெயர் விழாத ஆண்கள், பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட இமாலயத்துக்குப் போய்ச் சில பவுண்டு கொடுத்துக் குழந்தைகளோடு வரிசையில் நின்று பந்து உருட்டுகிறார்கள். அந்தக் களம் இன்னமும் பெண்கள் சங்கத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓல்டு கோர்ஸில் ஆட்டம் இல்லை. அன்று ஊரார் நாய்களோடும் பிள்ளைகளோடும் ஃபேர்வேயில் நடக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் ஸ்வில்கன் பாலத்தில் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கீழே ஓடை, இரு பக்கமும் சுவர் எழுப்பி நேராக்கப்பட்டு, ஓடிக்கொண்டிருக்கிறது.